புல்லுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன்

பாப்பா,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. மடித்து, உன் கல்யாணப் புடவைப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். அப்பா ஏற்கெனவே படித்துவிட்டார். "இதையெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். நீ படித்த பிறகு சுஹாஸுக்கும் வாசித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. போனில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கலாமே என்பாய். நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், பார்த்திருக்கிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நான் சொல்லப்போவது அந்த வேகத்தில்தான் உனக்குள் போக வேண்டும். அதனால் பேனாவை எடுத்தேன்.

அம்மா யாரையும் நம்பமாட்டாள் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உண்மைதான். கட்கியில் பேக்டரி வாசலில் பெண்களைச் சோதனை போட்டு உள்ளே அனுப்புவது என் உத்தியோகம். உள்ளே வெடிமருந்து. ஒரு தீப்பெட்டி தப்பிப் போனால் எத்தனை வீட்டில் அழுகை என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் டியூட்டியில் நின்றேன். பையில் கை விடும்போது பையைப் பார்க்கக் கூடாது, பைக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் பழகினேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்காரர், வாட்ச்மேன், உன் சினேகிதிகள், யார் வந்தாலும் என் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். உன்னைப் பெண் கேட்டு வந்தவனை மட்டும் எப்படி விடுவேன்?

சுஹாஸை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நல்ல மழை. பிம்ப்ரியில் இன்ஜினியராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு தளேகாவ் தாண்டி அவன் குடும்ப நிலத்தில் நெல் போடுகிறான் என்று சொன்னாய். மராத்திக்காரன் என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நல்ல வேலையை விட்டவன் என்பதில் கொஞ்சம் இருந்தது. சாப்பிடும்போது அவன் ஹிந்தியில் சொன்னான், "நான் உழறதே இல்ல அங்க்கிள்." அப்பா சிரித்துவிட்டார். "உழாம எப்படிப்பா நெல்லு வரும்?" அவன் தட்டில் இருந்த சோற்றை விரலால் நீள நீளமாகக் கூட்டிப் பாத்தி மாதிரி செய்து காட்டினான். "ஒரு தடவை மேட்டுப்பாத்தி போட்டா போதும். அப்புறம் நிலத்துல ஏர் இறங்காது. அறுத்தப்புறம் அடித்தாளையும் வேரையும் அப்படியே விட்டுடுவோம். வேர் மண்ணுக்குள்ளேயே மக்கும். அந்த வழியாத் தண்ணி இறங்கும், மண்புழு வரும். எங்க நிலம் மலைச்சரிவுல இருக்கு. உழுது சேறாக்கினா நல்ல மண்ணெல்லாம் மழையோட ஓடைக்குப் போயிடுது." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பிரியம் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நான் ஆரணிப் பக்கத்துக்காரி. சேற்றுழவு எதற்கு என்று எனக்குத் தெரியும். உழுவதில் பாதி, புல்லைப் புரட்டிப் போட்டு அழுகவைக்கத்தான். உழவையே விட்டுவிட்டால் அந்தப் பாதி வேலையை இவன் எதை வைத்துச் செய்கிறான்? அதனால் கேட்டேன். "சரி தம்பி, புல்லுக்கு என்ன செய்யிற?" கேள்வி அவனுக்கு, ஹிந்தியில்தான் கேட்டேன். பதில் உன்னிடமிருந்து வந்தது. "அதெல்லாம் ஆளுங்க கையால புடுங்கிடுவாங்க மா. ரசம் ஊத்து." அவன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒருத்தியைக் கேட்கும்போது பின்னால் நிற்கிறவள் முந்திக்கொண்டு பதில் சொன்னால், இரண்டு பேரையும் ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். நான் அன்று அவனை மட்டும்தான் ஓரமாக நிறுத்தினேன்.

அதற்குக் காரணம் உண்டு. நீ கராடியில் நல்ல வேலையில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே பெரிய அடுக்குமாடி வளாகத்தில் மேஜை போட்டு அவன் அரிசியை விற்கிறாய். பைக்கு நீயே படம் வரைந்து, நீயே வாசகம் எழுதினாய். பச்சை எழுத்தில் கொட்டையாக, "ஒரு துளி மருந்தும் படாத இந்திராயணி அரிசி." அதை எத்தனை பெருமையோடு என்னிடம் காட்டினாய். என் பெண் அவன் பேச்சை நம்பித் தன் பெயரை அடகு வைத்திருக்கிறாள், அவன் அவளை ஏமாற்றுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிவிட்டேன்.

அதற்குள் கல்யாணப் பேச்சும் முடிவாகிவிட்டது. தீபாவளி முடிந்து அறுவடையும் ஆனபின், உனக்குச் சொல்லாமல் லோக்கல் ரயில் ஏறினேன். கையில் ஒரு டப்பா முறுக்கு, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க வந்தேன் என்று சொல்ல. தளேகாவில் இறங்கி சிக்ஸ் சீட்டர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். அவன் அம்மா, பாவம், நல்ல மனுஷி. "யா விஹிண்பாய், யா" என்று வாயெல்லாம் சிரிப்பாக சம்பந்தியம்மாளை வரவேற்று டீ போட உள்ளே போனார். நான் நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே நடந்தேன். பக்கத்துக்காரர் வயலில் அறுத்த தாள் மறுபடியும் துளிர்த்துப் பச்சையாக நின்றது. ஊடே புல். மேலே ஏறினால் சுஹாஸின் மேல் வயலும் அப்படித்தான், தாமதமாக அறுத்தது. ஆனால் அவனுடைய கீழ் வயல் ஒரே மஞ்சள். தாளும் மஞ்சள், புல்லும் மஞ்சள். மஞ்சள் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்ட மாதிரி வரப்பில் பச்சை ஆரம்பித்தது. கையால் பிடுங்கின இடம் அப்படி இருக்காது பாப்பா. கை ஒன்றைப் பிடுங்கும், ஒன்றை மறக்கும், முதுகு வலித்தால் இரண்டு அடி தாண்டிப் போகும். அந்தக் கோடு கை போட்ட கோடு இல்லை.

திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டே கேட்டேன், வீட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் ரூமுக்கு ஏன் பூட்டு என்று. அவன் அம்மா கள்ளமில்லாமல் சொன்னார், "சாவி அவன் ஜேபியிலேயே இருக்கும். என்னைக்கூட உள்ள விடமாட்டான்." பெற்ற தாயையே விடாத அறை! எனக்குள் மணி அடித்தது. அவர் அடுப்பைப் பார்க்கப் போனதும் நான் போய் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரில் தெளிப்பான் கவிழ்த்து மாட்டியிருந்தது. பக்கத்தில் ரப்பர் கையுறை, முகமூடி, அலமாரியில் வெள்ளைக் கேன்கள். "காகூ, உள்ள வந்தே பாருங்க" என்று பின்னாலிருந்து குரல். என்னை அத்தை முறை வைத்துக் காகூ என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். சுஹாஸ். நான் பிடிபட்டவள் மாதிரி நின்றேன். அவன் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான்.

"தணநாசக்," என்றான். "புல்லு மருந்து. அடிக்கிறேன்." மறைக்கவில்லை, குழையவும் இல்லை. அறுவடைக்குப் பிறகு ஒரு தடவை, மறுபடி துளிர்க்கிற தாளையும் புல்லையும் கொல்ல. அடுத்து மழை பிடித்து விதை ஊன்றினதும், புல் முளைக்கும் முன்னாலே ஒரு தடவை. நடுவில் வருவதைப் பெண்கள் கையால் பிடுங்குகிறார்கள், அது பொய் இல்லை. "முதல் வருஷம் மருந்தே வேணாம்னு பாத்தேன் காகூ. நெல்லு எது, புல்லு எதுன்னு தெரியல. உழுதா புல்லு அடங்கும், ஆனா மண்ணு போயிடும். உழாம இருந்தா மண்ணு நிக்கும், புல்லும் நிக்கும். ரெண்டுல ஒண்ணைத்தான் என்னால காப்பாத்த முடியுது." பூட்டு எதற்கு என்றேன். பக்கத்துப் பிள்ளைகள் கொய்யா பறிக்க வருகிறார்களாம், அம்மாவுக்குக் கண் சரியில்லையாம், எண்ணெய் கேன் என்று எடுத்துவிடுவாராம். "நாளைக்கு மேல் வயல்ல அடிக்கணும்" என்று தேதியைக்கூட மறைக்காமல் சொன்னான்.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "இது என் பொண்ணுக்குத் தெரியுமா?" அவன் கையுறையை எடுத்து இன்னொரு ஆணியில் மாட்டினான். பிறகு, "சொல்லியிருக்கேன்" என்றான். நான் நம்பவில்லை. வாசலில் பிடிபட்ட எத்தனை பேர் என்னிடம் "மேடத்துக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்கள்! ஆணி மாறின அந்தக் கையுறையே எனக்குப் போதுமானதாக இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போதே இந்தக் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னேன். "அவன் ஒத்துக்கிட்டானே, அப்புறம் என்ன?" என்றார். "என்கிட்ட ஒத்துக்கிட்டா போதுமா? அவ எழுதி ஒட்டியிருக்காளே, அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்று சத்தம் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கராடிக்கு வந்தேன். ஜனங்களுக்கு நடுவில் உன்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். நீ என்னைப் பார்க்கவில்லை. செக்கு எண்ணெய் விற்கிறவருடைய குடைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன், பழைய பழக்கம். உன் மேஜைக்கு முன்னால் ஒரு பெண், மாசமாக இருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை வேறு. பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம். "ஏனுங்க, நிஜமாலுமே மருந்து அடிக்கிறதில்லீங்களா? இவனுக்குக் கஞ்சி வைக்கோணும், அதான் கேக்கறேன்." நீ அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாய், "ஒரு துளிகூட இல்லைங்க. பொம்பளைங்க வரிசையா உக்காந்து கையால புடுங்குவாங்க. நானே போய்ப் பாத்திருக்கேன்." அழகாகச் சொன்னாய். உன் திக்குகிற தமிழ்கூட அன்று திக்கவில்லை. அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது, இந்தப் பிள்ளையை இப்படி நம்பவைத்திருக்கிறானே என்று.

அவள் கேட்டாள், "குழந்தைகளைக் கூட்டிட்டு வயலைப் பாக்க வரலாமுங்களா?" நீ சொன்னாய், "தாராளமா வாங்க. ஆனா இந்த வாரம் வேணாம். ரெண்டு வாரம் போகட்டும், மேல் வயல்ல புல்லெல்லாம் காஞ்சு சுத்தமா இருக்கும்."

பிடுங்கின புல் காயும். பிடுங்காத புல் தானாகக் காயாது பாப்பா. மேல் வயல் என்று நீ சொன்னாய். அதில் மருந்து அடிக்கப்போவதாக அவன் என்னிடம் சொல்லியிருந்தான். பச்சைப்பிள்ளைகள் அந்த வாரம் அங்கே கால் வைக்கக் கூடாது என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. அப்போது சுஹாஸ் தோளில் மூட்டையோடு வந்தான். நீ சொன்னது தமிழ், அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெண் பையில் இருந்த வாசகத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் அந்த விரலைப் பார்த்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் டம்ளரைப் பார்த்த அதே முகம். நான் குடைக்குப் பின்னால் நின்று அவன் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்தேன். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன்னிடம் வராமலே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருகிற வழியெல்லாம் எனக்கு உன் அஞ்சாம் வகுப்பு ஞாபகம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரண்டு தொட்டியில் பயறு முளைக்கவைத்தாய். ஒன்று வெயிலில், ஒன்று மூடின அட்டைப்பெட்டியில். இருட்டில் இருப்பது வெளுத்து மஞ்சளாகப் போக வேண்டும். அப்பா தினமும் ஆசையாகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் அதுவும் பச்சையாகவே வந்துவிட்டது. கண்காட்சி அன்று பார்த்தால் செடி நல்ல மஞ்சளாக இருந்தது. உனக்குப் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வந்து உன் கையைக் கழுவிவிடும்போதுதான் விரல் இடுக்கில் மஞ்சள்தூள் பார்த்தேன். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உனக்கு எது உண்மை என்று தெரியும், அது எப்படி இருக்க வேண்டும் என்றும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாதபோது நீ எதைத் தொட்டுச் சரிசெய்வாய் என்பதை அன்றே பார்த்திருக்க வேண்டியவள் நான்.

சாயங்காலம் நீ வந்தாய். நான் சுற்றிவளைக்கவில்லை. "அவன் மருந்து அடிக்கிறது உனக்குத் தெரியும்" என்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெரியும்" என்றாய். "எத்தனை நாளா?" "ஆரம்பத்துலேர்ந்தே. அவர் சொல்லிட்டாரு. நான்தான் பையில போட வேணாம்னேன்." பிறகு நீ பேசினதை நான் ஒரு வரிகூட மறக்கவில்லை. "நீ மார்க்கெட்ல வாங்குற கீரையில இல்லையா மா? கத்திரிக்காய்ல இல்லையா? அவங்க எல்லாம் சொல்லிட்டா விக்கிறாங்க? இவரு அடிக்கிறது கதிரே வராத காலத்துல. அரிசியில ஒண்ணும் இருக்காது. இவரு மண்ணைக் காப்பாத்துறாரு. அதைச் சொன்னா கராடியில யாருக்கும் புரியாது. அவங்களுக்குப் புரியறது ஒரே வார்த்தைதான், அதைப் போட்டேன். 'கொஞ்சம் மருந்து'ன்னு போட்டா எவ மா வாங்குவா?"

நீ சொன்னதில் பெரும்பாலும் சரி. அரிசியில் ஒன்றும் இருக்காது என்று அன்று மோட்டார் ரூமில் அவனும்தான் சொன்னான். அது சரியா தப்பா என்று சொல்ல நான் படித்தவள் இல்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் உன்னிடம் அரிசியைப் பற்றிக் கேட்கவில்லை, உன்னை நம்பலாமா என்று கேட்டாள். நம்பலாம் என்று நீ சொன்னாய். "அந்தப் புள்ளத்தாச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் முணுமுணுத்தேன். "அவ என்ன உனக்குச் சொந்தமா?" என்றுவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

மறுநாள் சுஹாஸுக்குப் போன் செய்தேன். இதை நீ என் மேல் பெரிய குற்றமாக வைத்திருக்கிறாய், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்குத் தெரியும்னு நீ சொன்னது நிஜம். நான்தான் நம்பல." "நானும் சும்மா இருந்தேனே காகூ" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஞாயிறு அவன் கறுப்பு மார்க்கர் எடுத்துவந்து மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பையிலும் அந்தப் பச்சை வரியை அடித்துக்கொண்டிருந்தது நான் சொல்லிக்கொடுத்து நடந்தது இல்லை. அன்று நானும் வந்திருந்தேன், இந்தத் தடவை குடைக்குப் பின்னால் நிற்கவில்லை. நீ அவன் கையைப் பிடித்து, "என்ன பண்றீங்க, நம்ம பேரே போயிடும்" என்று ஹிந்தியில் கெஞ்சினாய். அவன், "பேரு போகட்டும். நான் கேட்டா பதில் சொல்ற மாதிரி இருக்கணும்" என்றான். வந்தவர்களிடம் எல்லாம் எப்போது அடிக்கிறான், எதற்கு அடிக்கிறான் என்று சொன்னான். சிலபேர் பையைத் திருப்பிவைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் ஒன்றுமே நடக்காதது மாதிரி வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். அவன் சொல்லச் சொல்ல உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, வாங்காமல் போய்விட்டாள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

அதற்குப் பிறகு நீ கராடியிலேயே சினேகிதி வீட்டில் தங்கிவிட்டாய். அவன் போனையும் எடுக்கவில்லை, என் போனையும் எடுக்கவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். நிறுத்த வேண்டும் என்று ரயிலில் திட்டம் போட்டவள் நான். இப்போது நின்றுவிடுமோ என்று பயந்தவளும் நான்தான். இவ்வளவுக்கும் நடுவில் அவன் ஒரு ஞாயிறுகூட விடாமல் தனியாக வந்து மேஜை போட்டான். மார்கழியில் அந்தப் பெண் மறுபடி வந்தாளாம். எல்லாவற்றையும் இன்னொரு தடவை விலாவாரியாகக் கேட்டுவிட்டு ஒரு பை வாங்கினாளாம். "அந்தப் பொண்ணு எங்கே?" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் உன்னைப் பற்றிக் கேட்டாளாம். அவன் உனக்கு அதை மெசேஜ் பண்ணினான். இரண்டு நாளில் நீ வீட்டுக்கு வந்தாய். பெட்டியோடு வந்தாய், சிரித்தாய், என் தோளில் சாய்ந்தாய். அப்பா அழுதேவிட்டார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். நீ ஏன் திரும்பி வந்தாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ செய்தது உன்னை உறுத்தியதால் வந்தாயா? இல்லை, உண்மையைச் சொன்ன பிறகும் அரிசி விற்கிறது என்று தெரிந்ததால் வந்தாயா? வந்த ஒரு வாரத்திலேயே புதுப் பை அச்சாகி வந்துவிட்டது. "மறைக்காத அரிசி. உழாத நிலம். வருஷத்துக்கு இரண்டே தெளிப்பு." அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் உன் கண்ணில் அதே பெருமை, பச்சை வரியை எனக்குக் காட்டியபோது இருந்த அதே பெருமை. எது உண்மை என்பதை விட எது எடுபடும் என்பதைத்தான் நீ மறுபடியும் கண்டுபிடித்திருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி எழுத கை கூசுகிறது. ஆனால் மனசில் இருப்பதை எழுதாமல் உனக்குத் தாலி எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது.

போன வாரம் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் சுஹாஸ் வீட்டுக்குப் போனோம். நெல் அறுத்த பாத்திகளில் உழாமலே மொச்சை ஊன்றியிருக்கிறான், நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் கீழ் வயலில் மொச்சைக்கு நடுவே பளபளவென்று பச்சையாக ஏதோ நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கோரை. ஒன்றை இழுத்தேன், மேலே உள்ளது மட்டும் அறுந்து கையோடு வந்தது. அவன் பக்கத்தில் குந்தி, குச்சியால் மண்ணைக் கிளறி அடியில் இருந்த கிழங்குகளைக் காட்டினான். கறுப்பு மணி மாதிரி, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு கிடந்தன. "மருந்து மேல இருக்கிறதைக் காய வைக்குது காகூ. கிழங்கு எல்லாம் சாகல. உழாத நிலத்துல இது வருஷா வருஷம் பரவும்னு சொல்லியிருந்தாங்க, இப்பதான் நம்ம நிலத்துல பாக்குறேன்." என்ன செய்வாய் என்றேன். "மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை அடிக்கணும், வேற மருந்து. இல்லேன்னா இந்தப் பாத்திகளைப் பிரிச்சு உழுது கிழங்கைப் பொறுக்கணும். மூணாவது வழி எனக்குத் தெரியல."

உனக்குப் புரிகிறதா பாப்பா? மறுபடி அடித்தால் "இரண்டே தெளிப்பு" என்ற வரி பொய். உழுதால் "உழாத நிலம்" என்ற வரி பொய். கட்டுக்கட்டாகப் பை அச்சடித்து வைத்திருக்கிறாய். "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். அவன் மண்ணைத் தட்டிக்கொண்டே, "கல்யாணம் முடியட்டும்னு பாக்குறேன்" என்றான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு நல்லவன், மார்க்கர் எடுத்து ஊரறிய அந்தப் பச்சை வரியை அடித்தவன், உன்னிடம் மட்டும் பயப்படுகிறான். உன் முகம் வாடிவிடுமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் முதல் தடவையும் வாயை மூடிக்கொண்டான். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடு. முடிஞ்சப்புறம் சொன்னா, அதுக்குப் பேரு வேற" என்று சொன்னேன். தலையாட்டினான்.

இன்று சாயங்காலம் நலங்குக்கு முன்னால் அவன் நம் வீட்டுக்கு வருவான். முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வரக்கூடாது என்று உன் அத்தை முறைத்துக்கொள்வாள், நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உன்னிடம் கோரையைப் பற்றிச் சொல்வான். சொல்லும்போது உன் முகத்தைப் பார்ப்பான். நீ என்ன முகம் காட்டுகிறாயோ அதைப் பார்த்துத்தான், இனிமேல் இந்த வீட்டில் எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்வான். பையில் என்ன எழுதுவது என்பதெல்லாம் அப்புறம். புல் ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும். அவன் ஒவ்வொரு வருஷமும் ஒரு கெட்ட செய்தியோடு வாசல்படி ஏறுவான். அதைக் கேட்கிற இடமாக நீ இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான்.

எப்போதும் போல நான் சமையலறைக் கதவு ஓரம் நின்று கேட்பேன் என்று நினைப்பாய். இருக்கமாட்டேன். அவன் வந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு பூ வாங்கக் கிளம்பிவிடுவேன். வழியில் தெரிந்தவர்கள் யாராவது நிறுத்திப் பேசினால் நானும் நின்று பேசுவேன். திரும்பி வந்தபிறகு உன்னிடம் எதையும் கேட்கமாட்டேன், உன் முகத்தையும் பார்க்கமாட்டேன். நேராகப் போய் பூவைத் தொடுக்க உட்கார்ந்துவிடுவேன்.

அம்மா